தலையாட்டும் கழுதையின் வீட்டுக்காரர்கள்

1

நகரசபைக் கவுன்சில் கடிதத்தை யாராவது பரிசுத்தாளில் சுற்றி நாடா கட்டித் தருவார்களா? எனக்குத் தந்தார்கள். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் இந்தக் கடையை எடுத்து இருபத்தைந்து வருடம் நிறைந்த நாளில், நாற்பது பேர் சுற்றி நின்று கைதட்ட, என் மகள் மதுரா அதை என் கையில் வைத்தாள். கண்ணாடிச் சட்டம் வேறு போட்டிருந்தது. வாசித்து முடித்ததும் நான் உட்கார இடம் தேடினேன். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரோ கதிரை எடுத்துப் போட்டார்கள்.

அந்தக் கடிதம் என்ன செய்தது என்று சொல்வதற்கு முன், ஊரில் இருக்கும் உங்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை காலமும் "சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன்" என்றுதான் உங்களுக்கு எழுதினேன். சாப்பாடும் உண்டு. ஆனால் இது ஒரு பப். நம்மூர்ச் சொல்லில் தவறணை. ஒரு துளி வாயில் வைத்தறியாத, வெள்ளிக்கிழமை மரக்கறி தவறாத சைவப்பழமாகிய நான், கால் நூற்றாண்டாக வெள்ளைக்காரருக்குப் பியர் ஊற்றிக் கொடுக்கிறேன். வாசனையை வைத்தே பீப்பாய் புளித்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமை என்று எடுப்பதா, பாவம் என்று எடுப்பதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

கடையின் பெயர் "த நொடிங் டாங்கி". தலையாட்டும் கழுதை. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் என்னைக் காணும் சிநேகிதர்கள், "கழுதைக்கடை எப்பிடிப் போகுது?" என்றுதான் விசாரிப்பார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்களே, நாடு கெட்டு நான் வந்து ஒதுங்கிய குட்டிச்சுவர் இது.

இடம் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். ஒரு காலத்தில் லாவெண்டர் வயல்களுக்கு நடுவே தனிக் கிராமமாக இருந்ததாம். லண்டன் அதை விழுங்கிவிட்டது. ஒரு முக்கோணப் புல்வெளியும் இந்தக் கடையும்தான் மிச்சம். சுற்றிவர ஆறுமாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. இருந்தாலும் இங்குள்ள பழைய ஆட்கள் இன்னமும் "வில்லேஜ்" என்றுதான் சொல்கிறார்கள்.

2

நான் அகதியாக வந்து பெட்ரோல் ஷெட்டிலும் பேக்கரியிலும் நின்று, கடைசியில் இந்தக் கடையின் குசினியில் கோப்பை கழுவ வந்தேன். அப்போது நடத்தியவர் ரெக் என்ற தடித்த மனிதர். பப் நடத்துகிறவரை இந்த நாட்டில் "லாண்ட்லோர்ட்" என்பார்கள். காணி பூமி இல்லாவிட்டாலும் பட்டம் அதுதான். நான் தமிழில் வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். அது பொருத்தம். கடைக்கு மேலேதான் குடியிருக்க வேண்டும். கீழே தொழில், மேலே படுக்கை, நடுவில் பதினேழு படி.

ரெக்குக்குப் பிள்ளைகள் இல்லை. களைத்துப்போய், "நீயே எடு, நேத்தன்" என்றார். என் பெயர் சிவநாதன். அது அவர்கள் வாயில் நேத்தன் ஆகி நாளாயிற்று. திறப்பைத் தந்த காலையில் அவர் சொன்ன ஒரே வார்த்தை, "இனி உனக்கு லீவு இல்லை" என்பது. பிறகு ஒரு சூட்கேசை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் இருந்த வீட்டை இப்படியா விட்டுப் போவது, நன்றி கெட்ட மனிதர் என்று நினைத்தேன். இப்போது நினைக்கும்போது, ஓடித் தப்பியிருக்கிறார் மனுஷன்.

முதல் நாள் நான் செய்த கூத்தை இங்கே இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கவுன்டருக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தவன், சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு, கோயிலில் அடிப்பதுபோல் அந்த மணியையும் அடித்தேன். உள்ளே இருந்த பதினொரு பேரும் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்தார்கள். வேளை அல்லாத வேளையில் மணி அடிக்கிறவன் எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டமாம். கொடுத்தேன். அன்றைக்கே என்னைத் தங்களில் ஒருவனாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் பிறகு விடவே இல்லை.

ரெக் சொன்னது பலித்தது. கடை எடுத்த நாலாம் வருடம் அப்பா யாழ்ப்பாணத்தில் மோசம் போனார். லைசென்ஸ் என் பெயரில், நம்பிக் கொடுக்க ஆள் இல்லை, மதுரா சின்னப்பிள்ளை. நான் போகவில்லை. தலைப்பிள்ளை நான். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். அந்த நேரம் நான் நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த வருடம் திவசம் ஒரு புதன்கிழமையில் வந்தது. திவசத்துக்கு நாலு பேருக்குச் சோறு போட வேண்டுமே, லண்டனில் யாரைத் தேடுவது? பகலில் தனியாக வந்து அரைக் கிளாசோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கிழங்கள்தான் கண்ணில் பட்டன. அவர்கள் ஆறு பேருக்கும் வாழை இலை தேடிப் பிடித்து, பருப்பும் பூசணிக்காயும் பாயாசமும் போட்டேன். என்னுடைய அப்பாவின் நினைவு நாள் என்றேன். அடுத்த புதன்கிழமையும் அதே ஆறு பேர் அதே மேசையில் வந்து உட்கார்ந்து, இலை வருமா என்று பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று தொடங்கிய புதன்கிழமைச் சாப்பாடு இன்றுவரை நிற்கவில்லை.

3

நிலவறையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பழைய காணி உறுதிகள், லைசென்ஸ் கடுதாசிகள், மங்கிய படங்கள். ஓய்ந்த நேரங்களில் அதைக் கிளறுவது எனக்கு ஒரு பைத்தியம். எனக்கு முந்தியவர்கள் எல்லோரையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் ஆள் ஹானா என்ற பெண். வண்டிக்காரப் புருஷன் இறந்தபின், லாவெண்டர் வெட்டப் போகிறவர்களுக்குத் தன் முன் அறையிலேயே பியர் காய்ச்சி விற்றிருக்கிறாள். கழுதை அவளுடையது. வாசலில் கட்டி நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தலையாட்டுமாம். ஹானா இந்த வீட்டிலேயே செத்தாள். பல வருடத்துக்குப் பிறகு பிரெட் வந்தார். சண்டைக்குப் போய் ஒரு கையை விட்டுவிட்டு வந்த மனிதர். ஒற்றைக் கையால் பம்பை இழுத்துப் பியர் ஊற்றுவார், மிச்சக் காசை வாடிக்கையாளர்களே எடுத்துக்கொள்வார்கள். அவர் பியர்க் கம்பனிக்கு எழுதிய மூன்று கடிதங்களின் பிரதி பெட்டியில் இருந்தது. மூன்றிலும் ஒரே விஷயம்: என்னால் முடியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள். பதில்களும் இருந்தன, மிக மரியாதையாக. ஆள்தான் வரவில்லை. அவருக்குப் பிறகு ஒரு அயர்லாந்துத் தம்பதி. மனுஷி ஒரு நாள் கடற்கரைச் சுற்றுலா பஸ்ஸில் ஏறிப் போனவள், திரும்பி வரவில்லை. புருஷன் பதினெட்டு வருடம் தனியே நடத்தினார். அவரிடமிருந்து ரெக்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, மதுரா வந்து, "அப்பா, அந்த டின் பாக்ஸ் கதையெல்லாம் எனக்கு ஒருக்கா சொல்லுங்கோ. ரெக்கோர்ட் பண்ணிறன்" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம்முடைய கதையைக் கேட்பதென்றால் எவ்வளவு அபூர்வம் என்று. இருபத்தேழு வயது. இன்சூரன்ஸ் கம்பனி வேலை, தோர்ண்டன் ஹீத்தில் சொந்தமாக ஒரு கீழ்மாடி பிளாட். என்னோடு பேசுவதென்றால் இரண்டு நிமிடம். அவள் போனை நடுவில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அளந்தேன். ஹானா, பிரெட், பனி கொட்டி வீதி மூடிய இரண்டு நாளும் கடைக்குள்ளேயே முப்பது பேரைப் படுக்க வைத்தது, பழைய வாடிக்கையாளர் டெரிக்கின் மனைவியின் செத்தவீட்டுத் தேத்தண்ணி. "இது கடை இல்லைப் பிள்ளை, இந்த ஊரின்ர வீடு" என்றுகூடச் சொன்னேன். யார் என்னை அதைச் சொல்லச் சொன்னது?

4

அதே நேரம் நான் கடையை விற்றுக்கொண்டிருந்தேன்.

காரணம் மேலே இருந்தாள். என் மனைவி பவளம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பதினேழு படியும் நெட்டுக்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. படியில் ஓடும் கதிரை பூட்ட வந்தவன் சுவரை அளந்து பார்த்துவிட்டு, அகலம் போதாது என்று போய்விட்டான். மாதக்கணக்காக அவள் மண்ணில் கால் வைக்கவில்லை. சன்னலோரம் இருந்து புல்வெளியைப் பார்ப்பாள். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டால், "இண்டைக்கு ஆருக்குப் பிறந்தநாள்?" என்று போனில் கேட்பாள். மேலே இருந்து கீழே போன். "உம்மை மட்டுமாவது எங்கையாவது வீடெடுத்து வைக்கட்டே?" என்று கேட்டதற்கு, "நீங்கள் இல்லாமல் நான் தனிய எங்க போய் இருக்கிறது?" என்றுவிட்டாள்.

இதில் ஒன்றும் மதுராவுக்குத் தெரியாது. அவள் ஞாயிறு வந்தால் நேரே மேலே ஏறுவாள், தாய் குசினியில் கதிரை போட்டு இருந்து சமைப்பாள், இருவரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். தாய் கீழே இறங்குவதே இல்லை என்பது அவளுக்குப் படவில்லை. பிளாட்டுக்கோ கீழே ஒரு கொண்டாட்டத்துக்கோ வரச்சொல்லிக் கூப்பிட்டால் தடிமன், குளிர், விரதம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. "பிள்ளை கவலைப்படுவாள், சொல்லாதேங்கோ" என்பது பவளத்தின் கட்டளை.

பியர்க் கம்பனியிடமிருந்து நான் பிறகு கடன்பட்டு வாங்கிய இந்தக் கட்டடத்தை விற்கிற விஷயத்தையும் சொல்லவில்லை. அது என் கட்டளை. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கலியாணமோ காணியோ விசாவோ, கையெழுத்து ஆகும்வரை வாய் திறக்கக்கூடாது. நாவூறு பட்டுவிடும். டூட்டிங்கில் ஒரு தமிழ் வக்கீல், கட்டடம் கட்டுகிற ஒரு ஆள், நான். பவளத்தை விட்டால் மூன்று பேருக்குத்தான் தெரியும். இடித்துவிட்டு பிளாட் கட்டப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஹானாவின் அறை, பிரெட்டின் கடிதம் எல்லாம் நினைவு வரத்தான் செய்தது. பவளத்தின் முழங்காலுக்கு முன்னால் ஹானா எந்த மூலைக்கு?

இப்போது பரிசுப் பொட்டலத்துக்கு வருவோம். இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஊர்மக்கள் கூடி, "இந்தக் கட்டடம் எங்கள் சமூகத்துக்கு வேண்டியது" என்று விண்ணப்பித்தால், கவுன்சில் அதை ஐந்து வருடத்துக்குப் பட்டியலில் போட்டுவிடும். அதன்பிறகு சொந்தக்காரன் நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாது. ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும், இடிக்க அனுமதி கேட்டால் பட்டியல் குறுக்கே நிற்கும். சுற்றிலும் மாடிகள் எழும்புவதைப் பார்த்துப் பயந்த டெரிக்கும் கூட்டாளிகளும் விண்ணப்பித்திருக்கிறார்கள். வரலாறு எழுதிக் கொடுத்தது மதுரா. பன்னிரண்டு பக்கம். சொந்தக்காரனுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வருமே என்று கேட்பீர்கள். வந்தது. மதுராவின் ஈமெயிலுக்கு. இங்கிலிஷ் கடிதம் என்றாலே பயந்து, கவுன்சில் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவளுடைய விலாசத்தைக் கொடுத்துப் பழகியவன் நான்தான்.

"இனி உங்களை இஞ்சயிருந்து ஒருத்தராலயும் எழுப்ப ஏலாது, அப்பா" என்று அவள் என் தோளைக் கட்டிப் பிடித்தாள். டெரிக் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். புதன்கிழமை மேசையின் முதல் ஆள். கண் கலங்கி, "நீ எங்களைப் பார்த்துக்கொண்டாய், நேத்தன். இப்போது நாங்கள் உன்னைப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். நான் தலையாட்டினேன். வாசல் பலகையில் கீறியிருக்கும் கழுதையைப் போல.

5

பட்டியலிலிருந்து கடையை எடுப்பிக்கக் கட்டடக்காரர் இரண்டு மாத அவகாசம் தந்தார். வக்கீல் சொன்ன ஒரே வழி, மறுபரிசீலனை கேட்பது. அந்தப் பத்திரத்தில் மனைவியின் முழங்காலுக்கு இடமில்லை. இந்தக் கட்டடம் சமூகத்துக்கு உதவுகிறதா இல்லையா, அது ஒன்றுதான் கேள்வி. இல்லை என்று நான் எழுத வேண்டும்.

எழுதத் தெரியவில்லை. என் இங்கிலிஷ் பீப்பாய்க்கும் கிளாசுக்கும் போதும், பொய் சொல்லப் போதாது. வேறு வழியில்லாமல் மதுராவைக் கூப்பிட்டேன். அவள் பத்திரத்தை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் பொய்யோ?"

"பொய் இல்லைப் பிள்ளை."

"பிறகு ஏன் இதுக்கு சைன் பண்ணிறீங்கள்?"

பவளம்தான் சொன்னாள். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைக்காமலே சொன்னாள். "நான் பதினொரு மாசமாக் கீழ இறங்கேல்லை."

மதுரா முதலில் சிரித்தாள், தாய் பகிடி விடுகிறாள் என்று. பிறகு ஒவ்வொரு ஞாயிறாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் படியின் தலைப்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். வந்து லப்டொப்பைத் திறந்தாள். தான் எழுதிய பன்னிரண்டு பக்கத்துக்கும் எதிராக இரண்டு பக்கம் தானே அடித்தாள். அடிக்கும்போது அழுதாள். "ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?" என்று ஒருமுறைதான் கேட்டாள். நாவூறு என்று நான் எப்படிச் சொல்வது?

விசாரணைக்குக் கவுன்சில் அதிகாரி கடைக்கே வந்தார். மதுராவின் வயதுதான் இருக்கும், நல்ல மரியாதையான பெண். டெரிக் ஒரு மூலையில் இருந்தார். அவரைப் பார்க்காமல் நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்: இது வியாபாரம் மட்டும்தான், வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அவர் தாள்களைப் புரட்டினார். "புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?"

"வாங்குவதில்லை."

"ஏன்?"

இதற்கு நான் பாடமாக்கவில்லை. தனியாகச் சாப்பிட வந்தவரிடம் எப்படிக் காசு கேட்பது என்றேன். அது என்னுடைய அப்பாவின் சாப்பாடு என்றேன். சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, மிகவும் மெதுவாக "நன்றி" என்றார். போகாத செத்தவீட்டுக்காக நான் போட்ட சோறு, என்னை இங்கேயே கட்டிப்போட்டது. பட்டியல் நீடிக்கும் என்று கடிதம் வந்தது. கட்டடக்காரர் விலகிக்கொண்டார். நான் நிலவறைக்குப் போய்ப் பீப்பாயின் மேல் இருந்து பிரெட்டின் மூன்று கடிதங்களையும் திரும்ப வாசித்தேன்.

6

அடுத்த ஞாயிறு மதுரா தன் பிளாட்டின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ஒரு படிகூட இல்லை, அம்மா. பின்னுக்குச் சின்னத் தோட்டமும் இருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் அங்க போங்கோ. நான் இஞ்ச வாறன்."

"இஞ்ச வந்து என்ன செய்யப் போறாய்?"

"நீங்கள் செய்ததைத்தான். லைசென்ஸ் கோர்ஸ் ஒரு நாள்தானே. வேலைக்கு நோட்டீஸ் குடுத்திட்டன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கவுன்டருக்குப் பின்னால் நீ நிற்கக்கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். அவள் பொறுமையாக இருந்தாள். தனக்கு இந்த இடம் பிடிக்கும், ஒபிசில் மூச்சு முட்டுகிறது, இங்கேதானே வளர்ந்தது என்றாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். "எங்களுக்காகவோ?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். எவ்வளவு கொஞ்சம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், பவளம் அந்தச் சன்னலிலேயே இருந்திருப்பாள். எனக்கு வெளியே போக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை வெளிக்கிட்டோம். டெரிக்கின் ஆட்கள் நாலு பேர் பவளத்தைக் கதிரையோடு தூக்கினார்கள். ஒவ்வொரு படியாக, திருப்பத்தில் சரித்து, சாமியை வீதிக்குக் கொண்டுவருவதுபோல் இறக்கினார்கள். அவள் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் சிரித்தாள். கடைக்குள் கதிரை வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வாசலைத் தாண்டியதும், "என்னைக் கொஞ்சம் வெயிலிலை வையுங்கோ" என்றாள்.

நான் மதுராவிடம் சொல்லிக்கொண்டு வரத் திரும்பினேன். கவுன்டரின் வெளிப்பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைப்போல நான் நின்றது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமைக் கூட்டம். அவள் ஒரு கையால் பியர் இழுத்துக்கொண்டு, மறு கையால் கார்ட் மெஷினை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நாங்கள் போயிட்டு வாறம்" என்றேன்.

"ஒரு நிமிசம், வாறன்" என்றாள். தலை நிமிரவில்லை. யார் கூப்பிட்டது என்று அவள் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் கீறிய படத்தைக் காட்ட வந்தபோதும், காய்ச்சலோடு படியடியில் வந்து நின்றபோதும், நான் அவளுக்குச் சொன்னது அதைத்தான். அதே குரலில்தான். எனக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். நான் ஆறாவது ஆளாக நின்றேன்.